ஊறுகாய் நம்பர்

ஷட்டில் கிளப் பலகையில் சித்ரகலா டீச்சர் ஒட்டியிருந்த தாளில் சிவசுப்பிரமணியத்தின் பெயர் மூன்றாவதாக இருந்தது. பெயருக்கு எதிரே 4.4. அதற்குக் கொஞ்சம் கீழே, ஆறாவது இடத்தில், டேனியல் தன் பெயரைக் கண்டுபிடித்தான். 4.1.

முதலில் அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. கம்ப்யூட்டரில் யாரோ மாற்றி அடித்துவிட்டார்கள் என்று நினைத்தான். அவனுடைய முதலாளி இந்த ஊரிலேயே மூன்றாவது நல்ல ஆட்டக்காரர் என்று ஒரு தாள் சொன்னால் அந்தத் தாளுக்குத்தான் உடம்பு சரியில்லை. அப்போதுதான் கரண்ட் வந்திருந்தது. கோர்ட்டின் பெரிய விளக்குகள் ஊதா நிறத்திலிருந்து மெல்ல மெல்ல வெள்ளைக்கு வந்துகொண்டிருந்தன. அந்த வெளிச்சம் முழுதாக வருவதற்குள் அவனுடைய சிரிப்பு போய்விட்டது.

சித்ரகலா பல்லடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ஷட்டில் கிளப்புக்கு அந்த வருஷப் போட்டியை நடத்திக் கொடுக்கிறவரும் அவர்தான். போன வருஷம் சீட்டுக் குலுக்கிப்போட்டு ஆட்டத்தை அமைத்ததில், முதல் சுற்றிலேயே நன்றாக ஆடுகிற இரண்டு பேர் மோதி ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டார். அட்டவணையின் எதிர்ப்பக்கத்தில் ஒன்றும் தெரியாத ஒருவர் அரையிறுதி வரைக்கும் வந்து நின்றார். அதனால் இந்த 2008-இல் அவர் ப்ரௌசிங் சென்டரில் உட்கார்ந்து தேடி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அமெரிக்காவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தை மட்டையால் அடிக்கிற ஒரு ஆட்டம் இருக்கிறதாம். பிக்கிள்பால் என்று பெயர். அதில் ஆடுகிற ஒவ்வொருவருக்கும் திறமைக்கேற்ப இரண்டிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண் கொடுத்துவிடுவார்களாம். கமிட்டிக் கூட்டத்தில் அதைச் சொன்னதும் யாரோ, ஊறுகாய்ப் பந்துங்களா டீச்சர் என்று கேட்டார்கள். அன்றிலிருந்து கிளப்பில் எல்லோரும் அதை ஊறுகாய் நம்பர் என்றுதான் சொன்னார்கள்.

டேனியல் டீச்சரிடம் போய்த் தயங்கி நின்றான். எங்க மொதலாளி அண்ணாவோட நம்பரு கொஞ்சம் கூட இருக்கிற மாதிரி இருக்குதுங்க என்றான். அவர் நெட்டின் கயிற்றை இறுக்கிக்கொண்டே பொறுமையாக விளக்கினார். எல்லோருக்கும் தொடக்கத்தில் மூன்று கொடுத்திருந்தார். பிறகு கிளப்பில் ஆடினாலும் சரி, தங்கள் கம்பெனி கோர்ட்டில் ஆடினாலும் சரி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஸ்கோர் கொடுத்தால் கணக்கில் சேர்த்துக்கொண்டார். இரண்டில் இருப்பவரை நூறு தடவை ஜெயித்தாலும் எண் ஏறாது. நாலில் இருப்பவரை ஜெயித்தால் நன்றாக ஏறும்.

"எத்தனை ஆட்டம் ஜெயிச்சீங்கங்கறதுக்கு இல்லீங்க டேனியல் இந்த நம்பரு. யாரை ஜெயிச்சீங்கங்கறதுக்கு" என்றார். "நீங்க புதங்கெழம இங்க வந்து எல்லாரையும் ஜெயிக்கறீங்க. உங்க மொதலாளி ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம உங்களை ஜெயிக்கறாரு. அப்ப அவரு யாருங்க?"

டேனியல் பேட்டை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குள் போனான். அன்றைக்கு அவனுக்கு இரண்டு ஆட்டங்கள் இருந்தன. இரண்டிலும் ஜெயித்தான். இரண்டாவது ஆட்டத்தின் கடைசிப் புள்ளியை எடுத்து எதிராளியோடு கைகுலுக்கும்போதுதான், இப்போது எடுத்த புள்ளியும் முதலாளி கணக்கில்தான் போய்ச் சேரும் என்பது உறைத்தது.

அருள்புரத்து வீட்டுக்குப் பஸ்ஸில் திரும்பும்போது அவன் மனதில் ஒரு மாடி வந்தது. ஒவ்வொரு புதன்கிழமையும் அவன் ஒரு படி கட்டியிருக்கிறான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் அந்தப் படியில் சந்தோஷமாக ஏறியிருக்கிறார். இப்போது அவர் மேலே போய்விட்டார். அந்த மாடிக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை.

சிவசுப்பிரமணியம் பொங்கலூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து பனியன் கம்பெனி ஆரம்பித்தவர். ஐம்பதைத் தாண்டியபோது சர்க்கரை வந்தது. நடங்கள், இல்லாவிட்டால் ஏதாவது ஆடுங்கள் என்று டாக்டர் சொன்னார். நடப்பது அவருக்கு அலுப்பாக இருந்தது. கம்பெனிக்குப் பின்னால் வேஸ்ட் துணி மூட்டைகள் கிடந்த இடத்தைச் சுத்தம் செய்து, சிமெண்ட் போட்டு, கோடு கிழித்து ஒரு ஷட்டில் கோர்ட் அமைத்தார். கம்பெனியில் யாருக்கு ஆடத் தெரியும் என்று கேட்டார். கட்டிங் மாஸ்டர் டேனியல் பள்ளியில் படிக்கும்போது மாவட்ட அணியில் ஆடியவன் என்று தெரிந்ததும் அவனைக் கூப்பிட்டார்.

முதல் நாள் டேனியல் அவரை ஏழு புள்ளியில் நிறுத்தினான். ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது கணக்கர் கந்தவேல் அவன் தோளில் கை போட்டு, என்னப்பா, சம்பளம் கொடுக்கறவர ஏழுல நிறுத்தறது நல்லாவா இருக்குது என்று சிரித்துக்கொண்டே கேட்டார். மிரட்டல் எதுவும் இல்லை. ஒரு விருந்தில் பெரியவருக்கு முன்னால் கைகழுவ எழுந்துவிட்டவனிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார். அதற்கடுத்த ஆட்டத்தில் டேனியல் தோற்றான்.

அதன் பிறகு தோற்பது பழகிவிட்டது. பேசும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் 'ங்க' தானாக வந்து ஒட்டிக்கொள்வதுபோல, அவனுடைய ஒவ்வொரு அடியின் முடிவிலும் ஒரு மரியாதை வந்து ஒட்டிக்கொண்டது. பதினேழு, பதினெட்டு வரை எடுப்பான். அதற்குமேல் மணிக்கட்டு கொஞ்சம் தளரும். பந்து நெட்டின் மேல்விளிம்பைத் தொட்டு அவன் பக்கமே விழும். அவன் நாக்கைக் கடித்துக்கொள்வான். அடுத்த ஆண்டுகளில் ஓவர்லாக் டெய்லர் பூபாலனும் இன்னும் சிலரும் சாயங்காலங்களில் ஆட வந்தார்கள். டேனியல் ஆடுவதைப் பார்த்துவிட்டு அவர்களும் முதலாளியிடம் அப்படியே ஆடினார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதில் ஒரு பாவமும் இருப்பதாக டேனியல் நினைத்ததில்லை. மனிதருக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க முகம் தெளிவாக இருக்கும்.

இப்போது அந்த முகம் வாரம் முழுக்கத் தெளிவாக இருந்தது. 4.4 என்ற எண்ணை அவர் நிட்டிங்காரரிடம் சொன்னார், பிரிண்டிங்காரரிடம் சொன்னார், பேங்க் மேனேஜரிடமும் சொன்னார். மூலனூரில் இருக்கும் தங்கை குடும்பத்தைப் போட்டியன்று வரச்சொல்லிவிட்டார். முதல் எட்டுப் பேர் ஆடுகிற பிரிவில் மூன்றாவது இடத்துக்காரருக்கும் ஆறாவது இடத்துக்காரருக்கும் முதல் ஆட்டம் என்று சித்ரகலா முதலில் வைத்திருந்தார். ஒரே கம்பெனிக்காரர்கள் என்பதால் பிறகு அதை மாற்றி, முதலாளியைக் கவினோடு போட்டார். கவின் கோயம்புத்தூரில் கல்லூரி அணிக்கு ஆடுகிற பையன். மெதுவாக அடிக்கத் தெரியாதவன். அவன் குதித்து அடிக்கும் பந்து தரையில் பட்ட பிறகுதான் சத்தம் வரும். ஊரில் இருக்கிற முதலாளிகள், ஏஜெண்டுகள், அவர்கள் வீட்டுப் பெண்கள், குழந்தைகள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, சிவசுப்பிரமணியம் அந்தப் பந்துக்கு முன்னால் கையில் பேட்டோடு நிற்கப்போகிறார். தான் ஏன் அங்கே நிற்கிறோம் என்று அவருக்கே தெரியாது. டேனியலுக்கு மட்டும் தெரியும்.

ஒரு மதியம் கட்டிங் ஹாலுக்கு முதலாளியின் மனைவி தெய்வாத்தாள் வந்தார். வீட்டுக்கு ஏதோ துணி கேட்டு வந்தவர், போகும்போது நின்று, குரலைத் தாழ்த்தினார்.

"ஏன் கண்ணு, உங்கண்ணா நெசமாலுமே அவ்வளவு நல்லா ஆடறாரா? நீ சொன்னீன்னா நான் நம்புவேன். அவரு சொன்னா நம்பமாட்டேன்."

"ஆமாங்கக்கா" என்றான் டேனியல். "நல்லா ஆடறாருங்க."

அவர் நிம்மதியாகப் போனார்.

யோசித்ததில் ஒரே ஒரு வழி தெரிந்தது. போட்டிக்கு முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. அவன் அவரை ஒழுங்காக ஜெயித்தால் அந்த ஸ்கோர் கணக்கில் சேரும். அவருடைய எண் சத்தமில்லாமல் இறங்கும். முதல் எட்டுப் பேரில் இல்லாமல், கீழே இருக்கிற பிரிவுக்குப் போய்விடுவார். அங்கே அவரைப் போன்றவர்கள்தான் ஆடுவார்கள். ஒன்றோ இரண்டோ ஆட்டம் ஜெயித்துக்கூட விடலாம். யாருக்கும் ஒன்றும் தெரியவேண்டியதில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவனால் முடியவில்லை. பதினேழு வரை நேராக வந்தான். அதற்குமேல் கை அவன் பேச்சைக் கேட்கவில்லை. ஜெயிக்கவேண்டும் என்று நினைத்தபடியே பந்தை நெட்டில் அடித்தான். இருபத்தொன்று எடுத்த சிவசுப்பிரமணியம் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, கவின் பையன் ஸ்மாஷ் அடித்தால் எப்படி எடுப்பது என்று அவனிடம் யோசனை கேட்டார். டேனியல் சொல்லிக்கொடுத்தான். அவர் அதைக் காற்றிலேயே இரண்டு மூன்று முறை அடித்துப் பார்த்துக்கொண்டார்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வந்தது. முந்தைய நாள், சனிக்கிழமை, சம்பளம் போட்டுக்கொண்டிருக்கும்போது முதலாளி அவனை அழைத்து, திங்கட்கிழமை காலையிலேயே சாம்பல் நிறத் துணியை வெட்டிவிடச் சொல்லியிருந்தார். ரோலை அவிழ்த்து ஒரு நாள் தளரவிடாமல் வெட்டினால் துணி பிறகு சுருங்கும், அளவு குறையும். அது அவருக்கும் தெரியும். ஆனால் ஷிப்மெண்ட் நெருக்கிக்கொண்டிருந்தது. இந்தத் துணிக்கு ஒன்றும் ஆகாது, இல்லையா என்று கேட்டார். டேனியல் சரிங்கண்ணா என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோர்ட்டில் இறங்கியதும் அவன் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டான். பந்தை மட்டும் பார்த்தான். இருபத்தொன்றுக்கு ஒன்பது. சிவசுப்பிரமணியம் தண்ணீர் குடித்தார். இன்னொன்று ஆடலாம் என்றார். இருபத்தொன்றுக்கு எட்டு. கடைசிப் பந்து அவருக்கு எட்டாத மூலையில் விழுந்தது. அவர் அதை எடுக்கப் போகாமல் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இன்னைக்கு உனக்கு என்னாச்சு டேனியலு?"

"ஒண்ணுமில்லீங்கண்ணா."

"அப்ப எனக்கு என்னாச்சு?"

இங்கே ஏதாவது சொல்லியிருக்கலாம். வெயில், தூக்கம், சர்க்கரை. எதைச் சொன்னாலும் அவர் எடுத்துக்கொண்டிருப்பார். டேனியல் பேட்டின் நரம்புகளை விரலால் ஒவ்வொன்றாக நேராக்கிக்கொண்டிருந்தான். அவர் அந்த விரலையே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எப்ப இருந்து?" என்றார்.

"ரெண்டாவது ஆட்டத்துல இருந்துங்கண்ணா. மொத ஆட்டம் நெசமுங்க."

"மொத ஆட்டத்துல நான் ஏழு எடுத்தேன்."

"ஆமாங்க. இன்னைக்கு ஒம்பது எடுத்தீங்க" என்றான் டேனியல். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னான். சொன்ன பிறகு அது காதில் மிகக் கேவலமாக விழுந்தது.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தான். கோபப்பட்டிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும். அவரோ தன் ஷூவின் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். எதையோ மெதுவாகப் பின்னோக்கி எண்ணிக்கொண்டு போகிறவர்போல இருந்தது அவர் முகம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையாக எடுத்துப் பார்த்து வைத்துக்கொண்டிருந்தாரோ என்னவோ.

"வேற எதுலயெல்லாம்?" என்றார்.

டேனியலுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பேட்டைப் பெஞ்சில் வைத்தான்.

"நாளைக்கு வெட்டற துணிங்கண்ணா. தளர விடாம வெட்டுனா அளவு நிக்காதுங்க."

"நேத்து நான் கேட்டேனே."

"கேட்டீங்க."

"சரின்னு சொன்னியே."

"சொல்லிச் சொல்லிப் பழகிப்போச்சுங்கண்ணா" என்றான். அதற்குமேல் அவனிடம் வேறு காரணம் இல்லை.

சிவசுப்பிரமணியம் எழுந்து சற்றுத் தள்ளிப் போய்ச் செல்போனில் பேசினார். சித்ரகலாவிடம்தான் பேசுகிறார் என்று தெரிந்தது. டேனியலோடு ஆடிய ஆட்டங்களை எல்லாம் எடுத்துவிடச் சொன்னார். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்கவேண்டும். அதெல்லாம் சும்மா ஆடுனதுங்க டீச்சர் என்றார். பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பேசி முடித்துவிட்டு வந்து, கணக்கு விவரம் சொல்வதுபோல ஒரே குரலில் சொன்னார். அவர் ஸ்கோர் கொடுத்ததெல்லாம் டேனியலோடு ஆடியவைதான், அவற்றை எடுத்தால் அவரிடம் மிச்சம் எதுவுமில்லை, அதனால் எண்ணும் இல்லை. வருகிற சனிக்கிழமைக்குள் எண் இருக்கிற யாரோடாவது ஐந்து ஆட்டம் ஆடி ஸ்கோர் கொடுத்தால் புதிதாக ஒரு எண் கிடைக்கும். அதை வைத்து எந்தப் பிரிவோ அந்தப் பிரிவில் ஆடலாம்.

"உனக்கு நாலு புள்ளி எட்டு ஆகுதாம்" என்றார். "எங்கிட்டத் தோத்ததெல்லாம் போயிருச்சில்ல. மொத எடம்."

அதில் குத்தல் இருக்கிறதா என்று டேனியல் தேடிப் பார்த்தான். இல்லை. கீழே விழுந்தவரைத் தூக்கப் போய், அவருடைய சட்டைப்பையிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டதுபோல இருந்தது அவனுக்கு. எனக்கு வேண்டாமுங்க என்றான். அது வேண்டும் வேண்டாம் என்று சொல்கிற விஷயம் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். துணியைத் தளரவிடு, சரக்கு வாங்குகிற பையரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். வழக்கமாக அவனைத் தன் காரில் பஸ் ஸ்டாப் வரை கொண்டுவந்து விடுபவர், அன்று தனியாகப் போனார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டேனியல் கட்டிங் ஹாலில் இருந்தான். சாம்பல் நிறத் துணி மேசை முழுக்க அடுக்கடுக்காக விரிந்து கிடந்தது. நன்றாகத் தளர்ந்திருந்தது. விளிம்புகள் ஒரு விரல்கடை உள்ளே போயிருந்தன. வெட்டும் மெஷினை எடுக்கும்போது பின்பக்க ஜன்னல் வழியாகப் பந்து அடிபடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தான். சிவசுப்பிரமணியம் பூபாலனோடு ஆடிக்கொண்டிருந்தார். பூபாலனுக்குக் கிளப்பில் 3.2. அவனோடு ஆடினால் கணக்கில் சேரும்.

டேனியல் மெஷினை ஓட்டாமல் நின்றான். முதலாளி வேர்த்து விறுவிறுத்து எல்லாப் பந்துக்கும் ஓடிக்கொண்டிருந்தார். ஸ்கோர் பதினாறுக்குப் பதினாறு வந்தது. பூபாலனின் மணிக்கட்டு கொஞ்சம் தளர்ந்தது. பந்து நெட்டின் மேல்விளிம்பைத் தொட்டு அவன் பக்கமே விழுந்தது. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அந்த மணிக்கட்டையும் அந்த நாக்கையும் டேனியல் தன்னுடையவை என்று கண்டுகொண்டான்.

இருபத்தொன்றுக்குப் பதினேழில் ஆட்டம் முடிந்தது. ஸ்கோர் சீட்டில் கையெழுத்துப் போட பூபாலன் பேனாவை வாங்கினான்.

"நெசமா ஆடுனியா?" என்று முதலாளி கேட்டார்.

"நெசமாத்தானுங்கண்ணா. நீங்கதான் இன்னைக்கு விடாம ஒரே முட்டா அடிச்சுட்டீங்க."

பூபாலன் அதை மிக நன்றாகச் சொன்னான். சிரிப்பும் தோல்வியும் சரியான அளவில் கலந்திருந்தன. சிவசுப்பிரமணியம் அவனைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். டேனியல் அங்கே நிற்பது அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று அவனால் சொல்லமுடியவில்லை. அவர் அதே கேள்வியோடு அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பார்வையைத் தொடர்ந்து பூபாலனும் ஜன்னலைப் பார்த்தான். அவன் கண்ணில் பயம் இல்லை. டேனியல் அண்ணன் தன்னைக் கைவிடமாட்டான் என்ற நம்பிக்கைதான் இருந்தது.

தலையை ஆட்டினால் போதும். ஆமாங்க என்று கூடச் சொல்லவேண்டியதில்லை.

டேனியல் இல்லை என்று தலையை இடமும் வலமுமாக அசைத்தான்.

பூபாலனின் முகம் சட்டென்று சிவந்தது. அவன் டேனியலைப் பார்த்த பார்வையை டேனியலால் தாங்கமுடியவில்லை. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. முதலாளி பூபாலன் கையிலிருந்து சீட்டை வாங்கி, கிழித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். கோர்ட்டின் அந்தப் பக்கத்துக்கு நடந்து போய், முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பேட்டை முன்னால் பிடித்து நின்றார்.

"சைபர்ல இருந்து போடு பூபாலா" என்றார்.

பூபாலன் சர்வீஸ் போட்டான். முதலாளி தூக்கிக் கொடுத்த பந்தைக் குதித்து, இருக்கிற கோபத்தையெல்லாம் சேர்த்து அடித்தான். அது அவருடைய தோளில் பட்டுக் கீழே விழுந்தது. சிவசுப்பிரமணியம் குனிந்து பந்தை எடுத்தார். தோளைத் தேய்த்துக்கொண்டார்.

"ஒண்ணு, சைபர்" என்று அவரே சத்தமாகச் சொல்லி, பந்தை நெட்டுக்கு மேலே தூக்கிப் போட்டார்.